எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) வாங்கும் முன்: எந்தச் சக்கரம் சும்மா சுற்றுகிறது?

[காட்சி: மன்னார்குடி பக்கம் ஒரு வயல், சேற்றுழவு. டிராக்டரின் ஒரு பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைக்கிறது. வண்டி நகரவில்லை.]

குரல்: டெல்டாவில் டிராக்டர் ஓட்டியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு சக்கரம் சும்மா சுற்றும், மற்றது அப்படியே நிற்கும். இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்புதான் டிஃபரன்ஷியல். அதன் லாக் பெடலை மிதித்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும், வண்டி ஏறி வந்துவிடும். லாக் விழுந்திருக்கும்போது ஸ்டீயரிங்கை ஒடிக்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

காரிலும் இதே சிக்கல்தான். சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய சமமான டார்க்கைத்தான், அதாவது சுழற்றும் விசையைத்தான், கொடுக்கும். பிடிப்பு குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ, மறுபக்கத்துக்கும் அவ்வளவுதான். ரீமேப் செய்த (இன்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டிய) டர்போ ஹாட்ச்பேக்கை வாய்க்கால் கரை வளைவில் செகண்ட் கியரில் மிதித்துப் பாருங்கள். உள்பக்க டயர் கிறீச்சிடும், ஆர்பிஎம் ஏறும், வண்டி முன்னேறாது.

முழுசாகப் பூட்டிவிட்டால் என்ன? வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். பூட்டினால் அதற்கு வழியில்லை, டயர் தேயும், வண்டி திரும்ப மறுக்கும். அதனால்தான் இரண்டுக்கும் நடுவில் எல்எஸ்டி: சக்கரம் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும், ஆனால் முழுசாகப் பூட்டாது.

[காட்சி: மேஜை மேல் பிரித்து வைத்த கிளட்ச் பிளேட் எல்எஸ்டி. பிளேட்டுகளை ஒரு விரல் ஒவ்வொன்றாக நகர்த்துகிறது.]

முதலில் பிளேட் வகை. ஆக்சிலேட்டர் மிதித்தால் உள்ளே சரிவுகள் பிளேட்டுகளை நெருக்கும், இரண்டு ஆக்சிலும் பிணையும். மிதிக்கும்போது மட்டும் பிணைந்தால் ஒன்-வே. காலை எடுக்கும்போதும் அதே அழுத்தத்தில் பிணைந்தால் டூ-வே. எடுக்கும்போது கொஞ்சம் தளர்வாகப் பிணைந்தால் ஒன்றரை-வே. பின்சக்கர வண்டியில் (இன்ஜின் பின்சக்கரங்களைச் சுற்றும் வண்டி) டிரிஃப்ட் ஆடுபவர்கள், அதாவது பின்பக்கத்தை வழுக்கவிட்டு வளைபவர்கள், டூ-வே கேட்பார்கள். ஆனால் இது தேயும் சாமான். பார்க்கிங்கில் திருப்பும்போது கடகடக்கும். முன்சக்கர வண்டியில் பிளேட் தேய்ந்த தூள் கியர்பாக்ஸ் ஆயிலிலேயே கலக்கும், ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும்.

அடுத்தது ஹெலிக்கல். இந்த வகைக்கு முன்னோடி டார்சன், அமெரிக்கர் வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்றது. இதில் பிளேட் வேலை இல்லை, கியர்களின் உராய்வுதான் எல்லாம் செய்கிறது. பிடிப்புள்ள சக்கரத்துக்கு எத்தனை மடங்கு டார்க் போகலாம் என்பதுதான் பயஸ் ரேஷியோ. அது 3 என்று வையுங்கள். வழுக்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் தாங்கினால், பிடிப்புள்ள சக்கரத்துக்கு 300 வரை போகும். சரி, ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால்? பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அப்போது இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டால் கொஞ்சம் வேலை செய்யும்.

கெட்டியான திரவத்தை வைத்துப் பிணைக்கும் விஸ்கஸ் வகையை விட்டுவிடலாம். சூடான பிறகுதான் விழிக்கும், புதிதாகக் காசு போட்டு வாங்க வேண்டியதில்லை. பிரேக்கை வைத்துச் சமாளிக்கும் எலக்ட்ரானிக் ஏற்பாடு உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கலாம். ரோட்டுக்கு அது நல்லது. ரேஸ் டிராக்கில் பிரேக் பேடைத் தின்றுவிடும்.

மஹிந்திரா தார் ஜீப் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் கவனியுங்கள். அதன் சில மாடல்களில் வரும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் எல்எஸ்டி அல்ல. அது முழுசாகப் பூட்டும், அதுவும் குறைந்த வேகத்தில் மட்டும். சேற்றுக்குத்தான் அது.

[காட்சி: தை மாத அறுவடை. ரோட்டின் பாதியில் நெல் காய்கிறது. மறுபாதியில் அறுவடை மெஷின் விட்டுப்போன மண்கட்டிகள்.]

நம் ரோடு இப்படித்தான். ஒரு பக்க டயர் தாரில், மறுபக்கம் வைக்கோல் மேலே. முன்சக்கர வண்டியில் இறுக்கமான பிளேட் எல்எஸ்டி இருந்தால், இந்த இடத்தில் மிதித்ததும் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கும். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் தினம் ஓட்டிவிட்டு, எப்போதாவது கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குப் போகும் ஹாட்ச்பேக் என்றால், என் ஓட்டு ஹெலிக்கலுக்கே. பின்சக்கர வண்டி, டிராக் போவதுதான் முக்கியம், வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்கத் தயார் என்றால் ஒன்றரை-வே பிளேட். இன்னும் விலை மலிவான டயரில்தான் ஓடுகிறீர்கள் என்றால் இரண்டும் வேண்டாம், முதலில் நல்ல டயர்.

[காட்சி: கிரவுன் பல்லில் நீலச் சாயம் தடவும் பிரஷ். பக்கத்தில் டயல் கேஜ் முள் ஆடுகிறது.]

பொருளைவிட மாட்டும் கை முக்கியம். பின்சக்கர வண்டியில் கிரவுனுக்கும் (பெரிய பல்சக்கரம்) பினியனுக்கும் (அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) நடுவே இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து, ஷிம் என்ற மெல்லிய தகடு போட்டுச் சரி செய்ய வேண்டும். பல்லில் சாயம் தடவிச் சுற்றினால் தடம் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஹவுசிங் (டிஃபரன்ஷியல் கூடு) ஊளையிடும். லாரி ஹவுசிங் வேலை செய்து பழகிய மெக்கானிக்குகள் இதில் கில்லாடிகள், அவர்களை எளிதாக நினைக்காதீர்கள். முன்சக்கர வண்டியில் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அந்தக் கூலியையும், வாரன்டி போவதையும், இறக்குமதி வரியையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச் கிட்டை மாற்றுவதானால் அதே வேலையோடு முடித்துவிடுங்கள்.

பிளேட் வகை போட்டவர்கள் அப்புறம் ஒரு காலி மைதானம் தேட வேண்டும். லைசென்ஸுக்கு டூவீலரில் போட்ட எட்டை இப்போது காரில், மெதுவாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போடுங்கள். பிளேட்டுகள் படிந்ததும் அந்த ஆயிலை வடித்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன எல்எஸ்டி ஆயிலைப் புதிதாக ஊற்றுங்கள்.