மாலத்தீவில் தங்கிவிட்ட நீதிபதி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நெடும்பயணத்தின் இடையே ஒரு தென்னந்தீவில் தங்குவது என்றால் இளைப்பாறுதலே நம் நினைவுக்கு வருகிறது. அவ்வாறு தங்கிய, பதினான்காம் நூற்றாண்டின் உலகப் பயணி இப்னு பதூதாவை அவர் கால் வைத்த தீவு எப்படிப் பிடித்துவைத்துக்கொண்டது என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து 1325ஆம் ஆண்டு, தம் 21ஆம் வயதில் மெக்காவை நோக்கிப் புறப்பட்ட அவர், பின்னர் தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் நீதிபதியானார். சீனப் பேரரசருக்குத் தூதராக அனுப்பப்பட்டபோது, கள்ளிக்கோட்டைத் துறையில் வீசிய புயலில் பரிசுப்பொருள்கள் கடலோடு போயின. துக்ளக்கின் சினம் எத்தகையது என்று அருகிலிருந்து பார்த்தவர், வெறுங்கையோடு தில்லிக்குத் திரும்பத் துணிவாரா? மலையாளக் கரையில் சில காலம் அலைந்த பின், இலங்கை, மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரை, வங்காளம் வழியாகச் சீனம் செல்லும் எண்ணத்துடன் மாலத்தீவுக்குக் கப்பலேறினார்.

அங்கே அவர் கண்டவை மனத்தை மயக்கத் தக்கவையே. தெருக்கள் கூட்டிச் சுத்தமாக இருந்தன. மரநிழலில் நடப்பது தோட்டத்தில் உலவுவதுபோல் இருந்தது என்கிறார். செருப்பில்லாமல் நடந்த மக்கள், வாசலில் வைத்திருந்த நீரில் கால் கழுவிய பிறகே வீட்டுக்குள் நுழைந்தனர். மீனை அவித்து, ஓலைக்கூடையில் இட்டுப் புகையில் உலர்த்தி ஏற்றுமதி செய்தார்கள். நம் கடைகளில் மாசிக் கருவாடு என்று கிடைப்பது அதன் வழிவந்ததே. சோழியை வங்காளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அது நாணயமாகச் செலாவணியானது. தென்னை நாரில் திரித்த கயிறு, ஆணியில்லாமல் மரக்கலங்களின் பலகைகளைத் தைக்கப் பயன்பட்டது. எனவே, ஊர் ஓய்வாகத் தோன்றியதே தவிர, இந்துமாக்கடலின் வணிகத்தில் அதற்கு ஓயாத வேலை இருந்தது.

அந்நாட்டை ஆண்டவர் கதீஜா என்னும் அரசி. நடைமுறை அதிகாரம் அவருடைய கணவரான அமைச்சரிடம் இருந்தது. வந்தவர் தில்லியில் நீதிபதியாக இருந்தவர் என்பது தெரியவந்ததும், அவர்கள் அவரைப் போகவிட மனமில்லாமல் வீடும் செல்வமும் தந்து தங்கவைத்தார்கள். அவர் நான்கு பெண்களை மணந்தார். உயர்குடியினரோடு உறவு ஏற்பட்டது. நீதிபதிப் பதவியும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு அவருடைய பார்வையே மாறிவிட்டது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வராதவர்களுக்குக் கசையடி கொடுக்கச் செய்தார். திருடன் ஒருவனின் கையை வெட்ட ஆணையிட்டபோது அவையிலிருந்த சிலர் மயங்கி விழுந்தனர். பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடை அணியாதிருந்த வழக்கத்தை மாற்ற முயன்று தோற்றார். தம் அவைக்கு வரும்போது மட்டுமே அவர்களை மூடிக்கொள்ளச் செய்ய முடிந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அதிதியாக வந்தவர் அதிகாரியாகிவிட்டார். தீவின் அமைதியை முதலில் கலைத்தவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்னு பதூதாவின் செல்வாக்குப் பெருகியபோது அமைச்சருக்கு அச்சமும் ஐயமும் பெருகின. பூசல் முற்றி, 1344ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் தீவுகளை விட்டுப் புறப்பட்டார். அதற்கு முன், தீவுகளிடையே செல்லும் வழியில் ஒரு சிறு தீவைக் கண்டார். அதில் ஒரே ஒரு வீடு. அதில் மனைவி மக்களுடன் ஒரு நெசவாளி. சில தென்னைகளும் வாழைகளும், மீன் பிடிக்க ஒரு படகும். நிலப்பறவைகள் என்றால் இரண்டு காகங்கள். அந்த மனிதன்மேல் பொறாமை கொண்டதாகவும், அத்தீவு தமக்கே வாய்த்திருந்தால் அங்கேயே ஒதுங்கி வாழ்ந்திருப்பேன் என்றும் எழுதியிருக்கிறார். நான்கு மனைவியரும் பதவியும் பெற்றிருந்தவர் எழுதிய இந்த வரிகளை நான் முழுமையாக நம்பவில்லை. ஏனெனில், இலங்கைக்குச் சென்று சிவனொளிபாத மலை என்றும் அழைக்கப்படும் பாவா ஆதம் மலையேறி, பின்னர் தம் உறவினரான மதுரை சுல்தான் கியாசுத்தீனைச் சந்தித்தபோது, மாலத்தீவின்மீது படையெடுக்கும் திட்டத்தை அவரிடம் முன்வைத்தவரும் இவரே. சுல்தான் கொள்ளைநோய்க் காலத்தில் இறந்துபோனதால் அந்தக் கப்பற்படை புறப்படவேயில்லை.

பின்னர் கடற்கொள்ளையரிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்த நிலையில் மீண்டும் ஒருமுறை மாலத்தீவுக்குப் போனார். தாம் சென்ற பிறகு பிறந்த மகனைப் பார்த்தார். அவன் தாயிடம் இருப்பதே நல்லது என்று முடிவு செய்து, வங்காளத்துக்குக் கப்பலேறினார்.