சுவரை வைத்துத்தான் சித்திரம்

(பிரிட்டனில் வாழும் தமிழர்களின் ஆண்டுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியப் பெருந்தகை அவர்களே, முன்னிலை வகிக்கும் நகரமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, இந்த அரங்கத்தை ஆண்டுதோறும் மனமுவந்து நமக்கு அளித்துவரும் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, சனிக்கிழமைக் காலைத் தூக்கத்தைத் துறந்து நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியப் பெருமக்களே, குளிரையும் மழையையும் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன்னர் பேசிய மருத்துவர் ஐயா அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்காமல் நடக்க வேண்டும் என்று அழகாக எடுத்துரைத்தார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன். எங்கே நடப்பது என்பதுதான் என் பேச்சு.

இந்த நாட்டின் கோட்டைகள், மாளிகைகள், தோட்டங்கள் ஆகிய மூன்றையும் ஒரு நாள் பயணத்தில் எப்படிப் பார்ப்பது என்று சொல்லும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். உடல்நலத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பழமொழியை நாம் எடுத்தாள்கிறோம். நான் அதை நேர்ப் பொருளிலேயே எடுத்துக்கொள்கிறேன். சுவர் நிற்கிற இடத்தில்தான் வரலாற்றைப் பிள்ளைகளின் கண்முன் எழுதிக் காட்ட முடியும்.

முதலில் கோட்டைகள். முதலாம் எட்வர்ட் மன்னர் வேல்ஸ் நாட்டை அடக்குவதற்காகக் கட்டிய கோட்டைகளில் கான்வி, கார்னார்வன், ஹார்லெக், பொமாரிஸ் ஆகிய நான்கும் 1986 ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பொமாரிஸ், பணம் தீர்ந்துபோனதால் கட்டி முடிக்கப்படாமலேயே நின்றுவிட்டது. பேரரசனின் கருவூலமும் வற்றும் என்பதை அந்தக் குட்டையான கோபுரங்களின் கீழ் நின்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சிறு அறை கழிப்பறை என்று சொன்னால், எந்தப் பிள்ளையும் அந்தக் கோட்டையை மறக்காது. சுழற்படிக்கட்டுகள் வலஞ்சுழியாக ஏறுவது, மேலிருந்து காப்பவனின் வாள்கைக்கு இடம் கொடுப்பதற்காகவே என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. பிள்ளைகளே ஏறிப் பார்த்து முடிவு சொல்லட்டும்.

கோட்டை என்றதும் லிங்கன்ஷயரில் உள்ள டாட்டர்ஷால் கோட்டையைச் சொல்லாமல் போக என் மனம் ஒப்பாது. ஆறாம் ஹென்றி மன்னரின் கருவூலத் தலைவராக இருந்த ரால்ஃப் கிராம்வெல் 15 ஆம் நூற்றாண்டில் எழுப்பிய செங்கற்கோபுரம் அது. 1910 இல் அது விற்பனைக்கு வந்தபோது, உள்ளே இருந்த பெரிய கல் கணப்படுப்புகளை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். அவை பெயர்த்தெடுக்கப்பட்டுக் கப்பலேற்றுவதற்காகக் கட்டிவைக்கப்பட்டன. அப்போது குறுக்கிட்டுக் கோட்டையை விலைக்கு வாங்கியவர், முன்னர் இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு. நாடெங்கும் தேடி லண்டனில் அந்தக் கணப்படுப்புகளைக் கண்டுபிடித்து, மீண்டும் கொண்டுவந்து பொருத்தினார். இந்த நிகழ்ச்சி எழுப்பிய பரபரப்பு 1913 ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 1905 இல் வங்காளத்தைப் பிரித்த கர்சனை நாம் மறக்கவில்லை, மன்னிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் 1904 இல் இந்தியாவில் தொல்சின்னங்களைக் காக்கும் சட்டம் அவருடைய ஆட்சியில்தான் வந்தது. அங்கே செய்ததைப் பின்னர் இங்கே வந்தும் செய்தார். சுவர் போனால் சித்திரம் போகும் என்பதை அவர் இரு நாடுகளிலும் உணர்ந்திருந்தார் என்ற அளவில் அவருக்குரிய மதிப்பைக் கொடுப்பதுதான் நேர்மை.

அடுத்து மாளிகைகள். பழைய கட்டடங்களையும் இயற்கை நிலங்களையும் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் 1895 இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அது வாங்கிய முதல் கட்டடம், ஆல்ஃப்ரிஸ்டன் என்ற சிற்றூரில் பாதிரியார் குடியிருந்த ஒரு கூரை வீடு. விலை 10 பவுண்டு. அரண்மனைகளிலிருந்து தொடங்காமல் இடிந்து விழவிருந்த ஒரு கூரை வீட்டிலிருந்து தொடங்கினார்கள் என்பது என் நெஞ்சைத் தொட்ட செய்தி. வேல்ஸில் எர்டிக் என்றொரு மாளிகை இருக்கிறது. அந்த வீட்டுக் குடும்பத்தினர் தச்சர், சமையற்காரர், வேட்டைக்காவலர் முதலியோரின் உருவங்களை ஓவியமாகத் தீட்டச் செய்து, ஒவ்வொருவரைப் பற்றியும் செய்யுள் எழுதி மாட்டிவைத்தார்கள். எந்த மாளிகைக்குப் போனாலும் வரவேற்பறையோடு திரும்பிவிடாதீர்கள். அடுக்களைக்கும், சலவை அறைக்கும், வேலையாட்கள் ஏறி இறங்கிய பின்படிக்கட்டுக்கும் போங்கள். அறைகள் இருட்டாக இருக்கின்றன என்று நம்மவர்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். வெயில் பட்டால் பட்டும் கம்பளமும் வெளுத்து இற்றுப்போகும் என்பதனால் திரைகளை இறக்கிவைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் கண் பழகிவிடும்.

இனி நான் சொல்லப்போவதைச் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். எழுபத்து நான்கு வயது, ஆங்கிலம் தெரியாது. வேல்ஸில் உள்ள பொவிஸ் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். படுக்கையறை, நூலகம், ஓவியக்கூடம் என்று நான் மூச்சு வாங்க விளக்கிக்கொண்டு போக, அம்மா மரியாதைக்காகத் தலையசைத்துக்கொண்டே வந்தார்கள். நாற்பது நிமிடத்தில் மாளிகை முழுவதையும் முடித்துவிடுவோம் போலிருந்தது. பிறகு கிளைவ் குடும்பத்தார் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பொருள்களை வைத்திருக்கும் அறைக்குள் நுழைந்தோம். அங்கே திப்பு சுல்தானின் கூடாரத் துணி இருக்கிறது. பூச்சாடியும் பூங்கொத்துமாக அச்சிட்ட பருத்தித் துணி. அம்மா நின்றார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்கள். "ஏண்டா, இது சீட்டித் துணிதானே? சின்ன வயசுல எனக்கு இதே மாதிரிப் பூப்போட்டுப் பாவாடை தெச்சுக் குடுத்திருக்காங்களே" என்றார்கள். அந்த அறையில் அமர்ந்திருந்த தன்னார்வலர் ஒரு முதியவர். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். சீட்டி என்றேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, சின்ட்ஸ், சின்ட்ஸ் என்று எழுந்தே நின்றுவிட்டார். நம் சீட்டியும், பூப்போட்ட பருத்தித் துணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சின்ட்ஸும் வட இந்தியச் சொல் ஒன்றிலிருந்து கிளைத்த உடன்பிறப்புகள். பிறகு அம்மா தமிழில் கேட்க, அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் நடுவில் நின்று மொழிபெயர்க்க, முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததையும், அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் என்பதையும், அவருடைய மனைவி ஹென்ரியெட்டா 1800 இல் தம் மகள்களுடன் மைசூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தரங்கம்பாடி எல்லாம் சுற்றி வந்ததையும் அன்றுதான் அம்மா கேட்டார்கள். ஒரு மன்னனின் போர்க்கூடாரத்தை இங்கே தோட்ட விருந்துக்கு நிழற்பந்தலாகப் போட்டிருந்தார்கள் என்று கேட்டதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். வெளியே வந்தபின், "இதையெல்லாம் தமிழ்ல ஒரு தாள்ல எழுதி வெச்சிருந்தா நானே படிச்சிருப்பேனே" என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த ஒரு தாளுக்காகத்தான் அன்று முதல் நான் அலைந்துகொண்டிருக்கிறேன். தம் பராமரிப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆதிக்கத்தோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்பு உண்டு என்று நேஷனல் டிரஸ்ட்டே 2020 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. லண்டனுக்கு மேற்கே உள்ள ஆஸ்டர்லி மாளிகையும், பார்க்ஷயரில் உள்ள பேசில்டன் பார்க்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் செல்வத்தோடு தொடர்புடையவை. ஓஸ்போர்ன் மாளிகையில் விக்டோரியா அரசியாருக்காகத் தர்பார் மண்டபத்தை வடிவமைத்தவர் லாகூரைச் சேர்ந்த பாய் ராம் சிங். நம் பெற்றோர்கள் ஆண்டுதோறும் இங்கே வந்து போகிறார்கள். இந்த அறைகளின் வழியாக ஊமைகளைப் போல் நடந்து வெளியேறுகிறார்கள். நம் மண்ணின் பொருள் இருக்கும் அறையில் நம் மொழியில் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது. நாமே எழுதி, நாமே சரிபார்த்து, இலவசமாகக் கொடுக்கிறோம் என்று கேட்போம். அவர்கள் சுவரைக் காத்து வைத்திருக்கிறார்கள். சித்திரத்தில் நம் பங்கை நாம்தான் எழுத வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பருவத்துக்கு ஒரு முறை வகுப்பறையை விட்டு ஒரு மாளிகைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் ஐந்து வரி எழுதட்டும். செப்டம்பரில் ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ் என்ற பாரம்பரியத் திறப்பு விழா நடைபெறும் நாள்களில் இங்கிலாந்தில் பல இடங்களுக்குக் கட்டணமின்றிப் போய்வரலாம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இத்தகைய இடங்களில் தன்னார்வலர்களாகவும் சேர முயல வேண்டும். அந்த முதியவர் அமர்ந்திருந்த நாற்காலியில் நாளை நம் பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கட்டும்.

தோட்டங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லி அமைகிறேன். ஸ்டோ தோட்டத்தில் புல்வெளிக்கு வேலியே கண்ணுக்குத் தெரியாது. தரையைத் தோண்டி, பள்ளத்துக்குள் சுவரை மறைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு ஹா ஹா என்று பெயர். மாடு மாளிகைப் பக்கம் ஏறி வராது. மாளிகையிலிருந்து பார்ப்பவருக்கோ புல்வெளி தடையின்றி நீளும். புகழ்பெற்ற தோட்ட வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரௌன் 1741 முதல் அங்கேதான் தலைமைத் தோட்டக்காரராகப் பணியாற்றினார்.

அரங்கத்தின் வாசலருகே மேசையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். மொழிபெயர்க்க வல்லவர்களும், பிள்ளைகளை அழைத்துச் செல்ல வாகனம் உள்ளவர்களும் போகும்போது பெயரை எழுதிச் செல்லுங்கள். பொவிஸ் கோட்டைக்காக நான் எழுதிய முதல் தாளின் பத்துப் படிகளும் அங்கே இருக்கின்றன. அம்மா சொன்ன சீட்டி என்ற சொல்லில்தான் அது தொடங்குகிறது. பிழை இருந்தால் ஆசிரியப் பெருமக்கள் சிவப்பு மையால் திருத்தி, இன்றே என் கையில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.