ஜாவாவின் அங்கி: பழைய ஸ்டார் வார்ஸ் பொம்மை வாங்கும் முன்

[காட்சி: கோவை கணபதியில் உலோக அச்சு (டை) வெட்டும் பட்டறை. மேசையில் வெள்ளைத் துணி, அதன் மேல் விரல் நீளத்துக்கு ஒரு பொம்மை.]

இதன் பெயர் ஜாவா. ஸ்டார் வார்ஸ் படத்தில் பாலைவனத்தில் பழைய இரும்பு பொறுக்கித் திரியும் குள்ள உருவம். கென்னர் நிறுவனம் 1978-ல் விற்பனைக்கு விட்டபோது இதற்கு வினைல் (மெல்லிய பிளாஸ்டிக்) அங்கி போட்டிருந்தது. சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். துணி அங்கி ஜாவா இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. வினைல் அங்கியோடு அட்டை பிரிக்காமல் கிடைத்தால் விலை பல லட்சம்.

[காட்சி: பொம்மையின் கால், மிக அருகில்.]

காலுக்குப் பின்னால் 1977 என்ற ஆண்டும் ஹாங்காங் என்ற பெயரும் தெரிகிறதா? முதல் வரிசைப் பொம்மைகள் பெரும்பாலானவற்றில் இது இருக்கும். நானும் இதை மட்டும் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். பட்டறை அண்ணன் லென்ஸ் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"பொம்மை அசலுங்க தம்பி. அங்கியோட ஓரத்தைப் பாருங்க, கத்திரிக்கோல் போட்டிருக்காங்க."

அதே படத்தில் வரும் ஓபி-வான் கெனோபிக்குக் கென்னர் செய்த பொம்மைக்கும் வினைல் அங்கிதான், இதைவிடப் பெரியது. அதை வெட்டிச் சிறிதாக்கி ஜாவாவுக்கு மாட்டிவிடுகிறார்கள். ஓரம் ஒரே சீராக இல்லாமல் நெளிந்து போனால் சந்தேகப்படுங்கள். முப்பது வருடமாக டை வெட்டும் கண்ணுக்கு அது உடனே பட்டது. நம் ஊரில் இப்படிப்பட்ட கண்களுக்குப் பஞ்சமே இல்லை. வாங்குவதற்கு முன்பே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

[காட்சி: ஒரு டம்ளர் தண்ணீர். அதில் குட்டித் துப்பாக்கி ஒன்று விழுகிறது.]

அப்புறம் பொம்மைகளோடு வரும் குட்டித் துப்பாக்கிகள். அசல் பெரும்பாலும் மிதக்கும், போலி பெரும்பாலும் மூழ்கும். மூழ்கும் அசலும் உண்டு, அதனால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

காகிதத்துக்கும் பெரிய மதிப்பு இருக்கிறது. 1977 கிறிஸ்துமஸுக்குள் கென்னரால் பொம்மை செய்து முடிக்க முடியவில்லை. பொம்மை இல்லாத ஓர் அட்டை உறையில் சான்றிதழ் வைத்து விற்றார்கள். அதை அனுப்பியவர்களுக்கு அடுத்த ஆண்டு தபாலில் நான்கு பொம்மைகள் வந்தன. அந்த உறையையே இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள்.

படப்பிடிப்பில் பயன்பட்ட பொருள்கள் நம் கைக்கு எட்டாத உயரம். 2023 ஏலத்தில் ஓர் எக்ஸ்-விங் விண்கல மாதிரி 31 லட்சம் டாலருக்கு மேல் போனது.

சரி, வாங்கியதை எங்கே வைப்பது? மேற்கு வெயில் விழும் ஜன்னலோரம் கூடவே கூடாது. வெயில் பட்டால் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகும், அட்டையின் நிறம் வெளுக்கும். மென்மையான வினைல் நாள்பட்டால் பிசுபிசுக்கும், அதை மற்ற பொம்மைகளோடு ஒட்டவிடாமல் தனி உறையில் வையுங்கள்.

[காட்சி: ஜாவா ஒரு சின்னப் பெட்டிக்குள் போகிறது.]

இந்த அங்கியை நான் தூக்கிப் போடவில்லை. அடுத்த ஜாவாவைப் பார்க்கப் போகும்போது, பக்கத்தில் வைத்து ஓரத்தை ஒப்பிட இது என் பையில் இருக்கும்.