லிமுருவில் இருக்கும் சுவிட்ச்

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2018 ஜனவரி 30 அன்று காலை, கென்யாவின் தலைநகரான நைரோபியில் மக்கள் ஊஹுரு பூங்காவை நோக்கித் திரண்டுகொண்டிருந்தார்கள். ஊஹுரு என்னும் சுவாஹிலிச் சொல்லுக்கு விடுதலை என்று பொருள். முந்தைய ஆண்டின் ஆகஸ்ட் தேர்தலை உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. அக்டோபரில் நடந்த மறுதேர்தலை எதிர்க்கட்சித் தலைவர் ரயிலா ஒடிங்கா புறக்கணித்தார். அவர்தான் அன்று 'மக்களின் அதிபர்' என்று உறுதிமொழி ஏற்கப் போவதாக அறிவித்திருந்தார். சிகிச்சைக்காகக் கேரளம் வந்து 2025 அக்டோபரில் அங்கேயே காலமானாரே, அவரேதான். அவர் மேடையேறுவதற்குப் பல மணி நேரம் முன்பே சிட்டிசன் டிவி, என்டிவி, கேடிஎன் நியூஸ் ஆகிய தனியார் நிலையங்களின் ஒளிபரப்பு நாடெங்கும் நின்றுபோனது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்த மூன்றில் முக்கியமாகச் சிட்டிசன் டிவியைப் பற்றி. ஒரு செய்தி நிலையம் தனியாருக்குச் சொந்தமாக இருப்பது வேறு, அதன் குரல் அதன் கையிலேயே இருப்பது வேறு என்பதை இதைப் போலத் தெளிவாகக் காட்டும் வரலாறு எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

கென்யாவில் தனியார் தொலைக்காட்சி 1990இல் கேடிஎன் வழியாகத் தொடங்கியது. அப்போது அங்கே ஒரு கட்சி ஆட்சிதான் நடந்தது. அதுவரை தொலைக்காட்சி என்றால் அரசுத் தொலைக்காட்சி மட்டுமே. எஸ். கே. மச்சாரியா என்னும் தொழிலதிபர் நிறுவிய ராயல் மீடியா சர்வீசஸ், சிட்டிசன் டிவியை 1999இல் தொடங்கியது. அந்நிறுவனத்தின் உண்மையான பலம் மக்கள் மொழிகள். கிக்குயு மொழியில் இனூரோ, லுவோ மொழியில் ரமோகி என்று வானொலி நிலையங்களை நடத்தி, வீட்டில் பேசும் மொழியிலேயே நாட்டு நடப்பைக் கேட்கும் பழக்கத்தை அது வளர்த்தது. தொலைக்காட்சியிலும் அதே வழிதான். மாலை 7 மணிக்குச் சுவாஹிலியில் செய்தி, இரவு 9 மணிக்கு ஆங்கிலத்தில் செய்தி. சுவாஹிலிச் செய்திக்கு 'நிபாஷே' என்று பெயர். 'எனக்குச் செய்தி சொல்' என்று பொருள். கேட்பவரின் வாயிலிருந்து வரும் கட்டளையாக ஒரு செய்தியறிக்கைக்குப் பெயர் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வெளிநாட்டுத் தொடர்களை நம்பியிராமல் 'பாப்பா ஷிரண்டுலா' போன்ற உள்ளூர் நகைச்சுவைத் தொடர்களை அந்நிலையம் கொண்டுவந்தது. அவற்றைப் பார்க்க உட்கார்ந்த குடும்பங்கள் செய்தியையும் பார்த்தன.

இப்படி ஒரு நிலையம் வளர வளர, அதை நிறுத்தும் வழியைத் தேடுகிறவர்களும் வளர்ந்தார்கள். 2006 மார்ச் மாதம் ஒரு நள்ளிரவில் முகமூடி அணிந்த காவலர்கள் கேடிஎன் நிலையத்துக்குள்ளும் அதன் சகோதர நாளிதழின் அச்சகத்துக்குள்ளும் புகுந்தார்கள். ஒளிபரப்பை நிறுத்தினார்கள், அச்சான தாள்களைக் கொளுத்தினார்கள். பாம்பைச் சீண்டினால் கடிபடத் தயாராக இருக்க வேண்டும் என்று அன்றைய அமைச்சர் ஜான் மிச்சுகி வெளிப்படையாகவே சொன்னார்.

2007 டிசம்பர் 30 அன்று, தேர்தல் முடிவை ஒட்டிக் கலவரம் மூண்டபோது, அரசு எல்லா நேரலைகளுக்கும் தடை விதித்தது. இந்தத் தடையை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கலவரத்தில் 1,100க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். வட்டார மொழி வானொலிகள் சில, இன வெறுப்பைத் தூண்டியதாகக் கடுமையான குற்றச்சாட்டுக்கு உள்ளாயின. ஒலிவாங்கியால் உயிர் போகும் என்பதைக் கென்யர்கள் நேரில் கண்டவர்கள். ஆனாலும் நேரலை நின்றபோது வெறுப்பு நிற்கவில்லை. அது கைப்பேசிக் குறுஞ்செய்திகளாகக் கைமாறியது. பெயரும் முகவரியும் உள்ள ஒரு நிலையம் தவறு செய்தால் அதைக் கேள்வி கேட்கலாம், வழக்குத் தொடுக்கலாம். யார் எழுதியது என்றே தெரியாத குறுஞ்செய்தியை யாரிடம் போய்க் கேட்பது?

இந்தக் காயத்திலிருந்துதான் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு பிறந்தது என்று நான் கருதுகிறேன். ஒளிபரப்பில் ஈடுபட்டிருப்பவர்களை அரசு கட்டுப்படுத்தவோ அவர்கள் பணியில் தலையிடவோ கூடாது. உரிமம் வழங்கும் முறை, அரசு, அரசியல், வணிகம் ஆகியவற்றின் பிடியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று அது கூறுகிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், காட்சியலைகள் புறப்படும் இடம் வேறு. நைரோபிக்கு வடமேற்கே, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த லிமுரு என்னும் உயரமான பகுதியில்தான் ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. டிஜிட்டல் முறைக்கு மாறும் காலம் வந்தபோது, அலைகளை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் உரிமம் அரசு ஒளிபரப்புக் கழகத்தின் துணை நிறுவனம் ஒன்றுக்கும் சீன நிறுவனம் ஒன்றுக்கும் கிடைத்தது. எங்கள் செய்தியை நாங்களே கொண்டுசேர்ப்போம் என்று மூன்று தனியார் நிறுவனங்களும் வழக்காடின. 2015 பிப்ரவரி 14 அன்று பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டபோது, அவை உரிமம் பெற்ற அந்த நிறுவனங்களின் செட்டாப் பாக்ஸ் வழியே வர மறுத்து, ஏறத்தாழ மூன்று வாரம் திரையில் இல்லாமலே இருந்தன. விளம்பர வருவாயெல்லாம் போனது. இறுதியில் மூன்றும் சேர்ந்து அமைத்த சொந்த அலைபரப்பு வலையமைப்பின் வழியாகத் திரும்பின. போட்டியாளர்களான மூன்று நிறுவனங்கள் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொண்டன என்பது சிறிய செய்தி அன்று.

அப்படிப் போராடிப் பெற்ற அலைபரப்பிகளைத்தான் 2018 ஜனவரி 30 அன்று தகவல்தொடர்பு ஆணைய அலுவலர்கள் காவலர்களுடன் லிமுருவுக்குச் சென்று நிறுத்தினார்கள். நிலையங்களின் படப்பிடிப்புத் தளங்களில் விளக்கு எரிந்தது, செய்தியாளர்கள் பணியில் இருந்தார்கள், யூடியூபிலும் முகநூலிலும் நேரலை ஓடியது. ஆனால் இணையத்துக்குச் செலவிட வழியில்லாத கிராமத்து வீட்டில் திரை கறுப்பாகவே இருந்தது. பிப்ரவரி 1 அன்று, ஒக்கியா ஓம்டாட்டா என்னும் சமூகச் செயல்பாட்டாளரின் மனுவின் மீது உயர் நீதிமன்றம் தடையை 14 நாட்களுக்கு நிறுத்திவைத்தது. அரசு அதற்கு உடனே பணியவில்லை. என்டிவியும் கேடிஎன் நியூஸும் பிப்ரவரி 5 அன்றுதான் திரும்பின. சிட்டிசன் டிவிக்கு 8ஆம் நாள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிகம் பேர் பார்த்த நிலையம் கடைசியில் வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பணத்தின் வழியாகவும் இதே பிடி இறுகுவதுண்டு. 2024 மார்ச்சில் அரசு விளம்பரங்கள் அனைத்தும் அரசு ஒளிபரப்புக் கழகத்துக்கே செல்ல வேண்டும் என்று உத்தரவு வெளியானது. கோபுரத்துக்குப் போகாமலே ஒரு நிலையத்தை மெலிய வைக்கும் வழி அது.

பின்னர் 2025 ஜூன் 25 வந்தது. வரி மசோதாவுக்கு எதிராக இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, பலர் சுட்டுக்கொல்லப்பட்ட நாளின் முதலாண்டு நினைவு. போராட்டத்தை நேரலையில் காட்டக் கூடாது என்று தகவல்தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது. மீண்டும் அதே மூன்று நிலையங்களின் ஒளிபரப்பும் துண்டிக்கப்பட்டது. இம்முறையும் உயர் நீதிமன்றம் தலையிட்டு உத்தரவை நிறுத்திவைத்தது. 2018இல் நீதிமன்ற ஆணைக்குப் பிறகும் சிட்டிசன் டிவி ஏழு நாட்கள் இருளில் கிடந்தது. 2025இல் ஆணை பிறந்த அன்றே ஒளிபரப்பு திரும்பியது.