கப்பல் ஏறியவருக்குக் காகிதம் உண்டு, ஊரில் இருந்தவருக்கு?

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காரலாம், முதல் வரிசையில் உட்கார்ந்ததற்காக யாரையும் நான் கேள்வி கேட்கப் போவதில்லை.

முன்னோரைத் தேடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். வம்சாவளி என்றதும் நம் நினைப்பு ஜமீன், பாளையக்காரர், செப்பேடு என்று ஓடிவிடும். நான் சாதாரணக் குடும்பங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: 1880களில் வட ஆற்காட்டில் ஒரு கிராமம், அதில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் கையில் கொஞ்சம் நிலம், ஊரிலேயே இருந்து ஊரிலேயே செத்தார். தம்பிக்கு ஒன்றுமில்லை, ஆள்பிடிக்க வந்தவனின் பேச்சை நம்பித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டக் கப்பல் ஏறிவிட்டார். இன்றைக்கு இந்த இரண்டு பேரில் யாரைக் கண்டுபிடிப்பது சுலபம்? தம்பியைத்தான், அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பியது. அப்போது சென்னையில் துறைமுகம் கட்டப்படவில்லை, மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பல் ஏறவேண்டும். நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை, நடுவில் சில வருஷம் நின்றது போக, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே போனார்கள், பெரும்பாலோர் சென்னையில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா என்கிற போலீஸ் சரகம், கிராமம், அப்புறம் உடம்பில் என்ன தழும்பு, எங்கே மச்சம், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் எழுதியிருக்கும். அவர்மேல் இருந்த அக்கறையில் எழுதிய விவரம் இல்லை இது. தோட்டத்தைவிட்டு ஓடிப்போனால் பிடிக்கவேண்டுமே, அதற்கு. பிடிப்பதற்காக எழுதிய அதே வரியைத்தான் இப்போது அவருடைய எள்ளுப்பேத்தி டர்பன் ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்து படிக்கிறாள்.

அண்ணனுக்கு ஏன் இப்படி ஒரு வரிகூட இல்லை? வெள்ளைக்காரன்தான் எல்லாத்தையும் கணக்கெடுத்தானே, 1871இல் ஒன்று, 1881இல் ஒன்று, அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்தானே என்று கேட்பீர்கள். எடுத்தார்கள், வீடு வீடாகத்தான் எடுத்தார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது மொத்தம். தாலுகாவில் எத்தனை தலை, எந்தச் சாதி எவ்வளவு, எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கூட்டி எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு எழுதிய தாள்களைப் பாதுகாத்து வைக்கவில்லை. அச்சான பெரிய பெரிய அறிக்கைகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. எல்லாச் சாதியும் இருக்கும், எல்லா மாவட்டமும் இருக்கும், உங்கள் தாத்தா மட்டும் இருக்கமாட்டார். சுதந்திரத்துக்குப் பிறகும் இதில் பெரிய மாற்றமில்லை. 1948ஆம் வருஷத்துக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அந்தத் தாள்களைப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை, சாட்சியமாகவும் காட்ட முடியாது என்கிறது. அசாம்காரர்கள் மட்டும் ஒரு விதத்தில் விலக்கு, அங்கே 1951 கணக்கெடுப்பை வைத்து எழுதிய குடிமக்கள் பதிவேடு தங்கிவிட்டது, குடியுரிமையை நிரூபிக்க அதில் தாத்தா பெயரைத் தேடி லட்சக்கணக்கான ஜனங்கள் அலைந்த கதை உங்களுக்கே தெரியும்.

அதே ஆட்கள் தங்கள் சொந்த ஊரில் செய்ததைப் பாருங்கள். இங்கிலாந்தில் 1841 கணக்கெடுப்பிலிருந்து பெயரோடு தாள் இருக்கிறது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது, 1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள், 34 வயதுக்காரர் தாளில் 30 ஆகிவிடுவார். 1851இல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்று கேட்டார்கள். 1911 தாள்தான் எனக்குப் பிடித்தது. கல்யாணமான பெண்களிடம் எத்தனை வருஷமாயிற்று, எத்தனை குழந்தை பெற்றாய், எத்தனை உயிரோடிருக்கிறது, எத்தனை செத்தது என்று கேட்டிருக்கிறார்கள், வீட்டுக்காரரே கைப்பட எழுதிய தாளும் கிடைக்கிறது. அந்த வருஷம்தான் ஓட்டுரிமை கேட்ட பெண்கள், எங்களை எண்ணாதே என்று கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். எமிலி வைல்டிங் டேவிசன் என்கிற அம்மாள் கணக்கெடுப்பு ராத்திரியில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஒரு சின்ன அறையில் ஒளிந்திருந்து, தன் விலாசம் நாடாளுமன்றம் என்று பதிவாகும்படி செய்துவிட்டார்! இந்தத் தாள்களை நூறு வருஷம் கழித்துத்தான் திறப்பார்கள், 1921 தாள்கள் 2022 ஜனவரியில் வந்தன. அடுத்தது 1931, அது 1942இல் தீயில் போய்விட்டது. 1941இல் யுத்தம், எடுக்கவேயில்லை. ஆக அவர்களும் அடுத்த கணக்கெடுப்புத் தாளுக்கு 2052 வரை காத்திருக்கவேண்டியதுதான்.

சரி, நம் கதைக்கு வருவோம். தம்பியின் வம்சத்தார் எப்படித் தேடுகிறார்கள்? நிறையப் பேர் நேராக 1880க்குத் தாவி, முனுசாமி என்று தேடுகிறார்கள். கப்பலுக்குக் கப்பல் முனுசாமி இருப்பார். பின்னோக்கி ஒவ்வொரு படியாகப் போகவேண்டும்: உங்கள் பிறப்புச் சான்று, அப்பா அம்மாவின் கல்யாணச் சான்று, அவர்களுடைய பிறப்புப் பதிவு, அப்புறம் தாத்தாவின் கல்யாணம். இதில் கல்யாணப் பதிவுக்குத்தான் மதிப்பு அதிகம். மற்ற காகிதத்தில் பெரும்பாலும் ஒரு குடும்பம்தான் இருக்கும், இதில் இரண்டு குடும்பம் சேர்ந்து நிற்கும். நேட்டாலிலும் மொரீஷியஸிலும் பழைய பதிவுகளில் கப்பலில் வந்தவரின் எண்ணையும் சேர்த்து எழுதுகிற வழக்கம் இருந்தது. அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மொரீஷியஸ் ஏடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, 1860களுக்குப் பிறகு வந்த பலருக்கு அங்கே புகைப்படமும் உண்டு. ஆசைக்கு மட்டும் தேடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், மொரீஷியஸில் இருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை ஓசிஐ என்கிற வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை தரப்படும் என்று 2024 மார்ச்சில் அறிவித்தார்கள், அதற்கும் முன்னோரின் காகிதம் வேண்டும்.

தென்னாப்பிரிக்கப் பதிவைப் பார்க்கிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத் தேதி 1915 என்றிருக்கும், மூத்த பிள்ளை பிறந்தது 1902 என்றிருக்கும். பார்த்ததும் கதை கட்டிவிடாதீர்கள். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, அரசாங்கத்தில் பதியாத கல்யாணம் செல்லாது என்று. ஒரே நாளில் நம் பெண்கள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றாகிவிட்டது. சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு அது பெரிய காரணம், சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் செத்துப்போன தில்லையாடி வள்ளியம்மையை உங்களுக்குத் தெரியும். அந்த வருஷமே வந்த சட்டத்தில், ஏற்கெனவே நடந்த கல்யாணங்களைப் பதிந்துகொள்ள வழி செய்தார்கள். பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் போய்ப் பதிந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆகவே தேதி மாலை மாற்றிய நாளா, குமாஸ்தா முன்னால் நின்ற நாளா என்று பாருங்கள்.

பெயரெழுத்து இன்னொரு தலைவலி. எழுதியவர் காதில் விழுந்தது எதுவோ அதுதான் பெயர். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், ஊர்ப்பெயரோ கேட்கவே வேண்டாம். கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் சில ஊர்கள் பிடிபடும். ஜில்லாவும் தாணாவும் சேர்ந்து பொருந்துகிறதா என்றும் பார்க்கவேண்டும், ஆரணி என்று ஒரு ஊர் மட்டுமா இருக்கிறது?

எல்லாக் கப்பலுக்கும் இப்படி ஏடு இல்லை. இலங்கைக்குப் போனவர்கள் கங்காணி என்கிற ஆள்சேர்ப்பு மேஸ்திரியோடு கூட்டமாகப் போனார்கள், ஒவ்வொருவருக்கும் ஊரும் தகப்பன் பெயரும் எழுதிய ஒப்பந்தம் அங்கே வழக்கமில்லை. 1900களின் தொடக்கத்தில் தகரச் சீட்டு என்று ஒன்று கொண்டுவந்தார்கள், கழுத்திலோ கையிலோ கட்டிக்கொண்டு போகவேண்டும், அதில் தோட்டத்தைக் காட்டுகிற எண்கள்தான், ஆளின் பெயர் கிடையாது. இதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது 1948இல் தெரிந்தது. இலங்கையிலேயே பிறந்தவராக இருந்தாலும், குடியுரிமை வேண்டுமானால் அப்பாவோ, இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவுமோ இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் காட்டு என்றது சட்டம். பதியவே படாத பிறப்புக்கு யார் எங்கே போய்க் காகிதம் வாங்குவது? ஏழு லட்சம் பேர் போல நாடில்லாதவர்கள் ஆனார்கள். சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் நடந்தது என்று நான் நம்பவில்லை.

இப்போது அண்ணனிடம் வருவோம், ஊரிலேயே இருந்தவர். அவர் கிறிஸ்தவராக இருந்திருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். தரங்கம்பாடியில் 1707இலேயே லுத்தரன் ஞானஸ்நானம் தொடங்கிவிட்டது. சென்னைக் கோட்டையில் செயின்ட் மேரி தேவாலயத்தில் முதல் கல்யாணம் 1680 நவம்பரில், மாப்பிள்ளை எலைஹு யேல், அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் போனாரே, அவர்தான். கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளின் கல்யாணப் புத்தகத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. திருச்சபைச் சட்டப்படி நெருங்கிய சொந்தத்தில் கட்டிக்கொள்ளக் கூடாது, நாமோ அத்தை மகள், மாமன் மகள் என்றுதான் கட்டுவோம். அதனால் விதிவிலக்கு வாங்கவேண்டும், வாங்கினால் எந்த முறைச் சொந்தம் என்று குறித்துவைப்பார்கள். அந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு தலைமுறை மேலே ஏறிவிடலாம். புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரெஞ்சுப் பதிவேடு உண்டு, 1881 ஆணைக்குப் பிறகு பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்களின் பதிவும் அதோடு சேரும்.

இந்து வீட்டுக் கல்யாணத்துக்கு அரசாங்கப் பதிவு அண்மைக்காலத்து விஷயம். 1955 சட்டம் பதிந்துகொள்ளலாம் என்று வழி செய்தது, பதிந்தே ஆகவேண்டும் என்று தமிழ்நாடு சொன்னது 2009 சட்டத்தில். அப்படியானால் தாத்தாவின் கல்யாணத்துக்கு எழுத்தே இல்லையா? இருக்கிறது, பரணில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள், இன்னாரின் பேரனும் இன்னாரின் மகனுமாகிய என்று மூன்று தலைமுறையை அச்சடித்து ஊருக்கே கொடுத்திருக்கிறோம். பாட்டி பெயர்தான் பல பத்திரிகையில் இருக்காது, அந்தக் குறையை மறைக்கவேண்டாம்.

அதைவிடப் பெரியது மொய் நோட்டு. பிள்ளையார் சுழி, தேதி, யார் வீட்டு விசேஷம், அப்புறம் ஊர் ஊராகப் பெயரும் பணமும். பெரும்பாலும் தாய்மாமன் மொய்யைத்தான் முதலில் எழுதுவார்கள், அந்த ஒரு வரியில் பாட்டியின் பிறந்த வீடு, அவள் அண்ணன் பெயர், ஊர் மூன்றும் கிடைத்துவிடும். பெண்வழியைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆவணம் நான் பார்த்ததில்லை. மொய் என்பது திருப்பிச் செய்யவேண்டிய கடன், அதனால்தான் அவ்வளவு ஒழுங்காக எழுதினார்கள். கப்பல் ஏடு மாதிரியேதான், பணம் இருக்கிற இடத்தில் எழுத்து சுத்தமாக இருக்கும்.

அடுத்தது குலதெய்வக் கோயில் வரி நோட்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள் அல்லவா, கல்யாணம் ஆனதும் பையன் தனித் தலைக்கட்டு ஆகிவிடுவான் என்பது பல ஊர்களில் வழக்கம். அப்படியானால் அந்த நோட்டு வீட்டுக் கணக்கெடுப்பும்தான், கல்யாணப் பதிவும்தான். போன வருஷம் இல்லாத பெயர் இந்த வருஷம் வந்தால் பையனுக்கு நடுவில் கல்யாணம் ஆகியிருக்கிறது. ஒரு பெயர் போய் அந்த இடத்தில் மகன் பெயர் வந்தால் பெரியவர் காலமாகியிருக்கிறார். பங்காளிகள் யார் யார் என்றும் வரிசையாகத் தெரிந்துவிடும். ஐம்பது, அறுபது வருஷத்து நோட்டு தொடர்ச்சியாகக் கிடைத்தால் எந்த அரசாங்க ஏடும் அதற்கு ஈடாகாது. இதைப் பூசாரி வீட்டிலோ நாட்டாமை வீட்டிலோ கேளுங்கள். போனதும் நோட்டைக் கேட்காதீர்கள், வரி பாக்கி இருந்தால் முதலில் கட்டுங்கள்!

கேள்வி நேரத்தில் ஒரு தம்பி கேட்டார், இத்தனை அலைச்சல் எதற்கு, எச்சிலை டப்பாவில் அனுப்பினால் டிஎன்ஏ சோதனையிலேயே சொந்தக்காரரைக் காட்டிவிடுகிறார்களே என்று. காட்டும், இல்லை என்று சொல்லவில்லை, டர்பனில் இருக்கும் தம்பியின் வம்சமும் வேலூர்ப் பக்கம் இருக்கும் அண்ணனின் வம்சமும் அதில் சந்தித்துக்கொள்ள முடியும். ஆனால் அது உறவு இருக்கிறது என்று சொல்லுமே தவிர எந்தத் தாத்தா வழியில் என்று பெயர் சொல்லாது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட குடும்பங்களில், தூரத்து உறவும் கிட்டத்து உறவாகத் தெரியும். மூன்றாம் தலைமுறைச் சொந்தம் என்று திரையில் காட்டினால் நிஜத்தில் அது ஐந்தாம் தலைமுறையாக இருக்கலாம். எனவே தம்பி, டப்பா வாங்குகிற பணத்தை அப்படியே வைத்திருங்கள், முதலில் உங்கள் அத்தை வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிற மொய் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு வாருங்கள், சோதனையில் யார் பெயராவது வந்தால் ஒத்துப்பார்க்க அப்போது கையில் ஏதாவது இருக்கும்.