மூன்று வாரம் எங்கே இருந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ யாராவது ஐ.சி.யு.வில் இருந்திருப்பார்கள். காய்ச்சல் இறங்கவில்லை என்றதும், "கல்ச்சர் அனுப்பியிருக்கிறோம், ரிப்போர்ட் வரட்டும்" என்று டாக்டர் சொல்லியிருப்பார். அந்த ரிப்போர்ட் தயாராகும் அறையில்தான் எனக்கு வேலை. ரத்தத்திலோ சளியிலோ இருக்கும் கிருமியை ஒரு வட்டத் தட்டில் பரப்பி, அதன்மேல் ஆன்டிபயாடிக் தோய்ந்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்போம். சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. மறுநாள் காலையில் பார்த்தால், வேலை செய்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் தெளிவாக ஒரு வளையம் விழுந்திருக்கும். சில தட்டுகளில் ஒரு வில்லையைச் சுற்றியும் வளையம் இருக்காது. விளிம்பை ஒட்டிக்கொண்டு, சாம்பல் நிறத்தில், கிருமி கொழுகொழுவென்று வளர்ந்திருக்கும். இத்தனை வருடம் ஆகியும் அப்படி ஒரு தட்டைத் திறந்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அப்போது இரண்டு கேள்விகள் எழும். இவருக்கு என்ன மருந்து கொடுப்பது என்பது ஒன்று. இந்தக் கிருமி இவருக்கு யாரிடமிருந்து வந்தது, இவரிடமிருந்து யாருக்குப் போயிருக்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவதைக் கேட்க ஆள் குறைவு. அதனால்தான் இன்று அதைப் பேசுகிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அமெரிக்காவில் பெதஸ்தா என்ற ஊரில், தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. 2011 ஜூன் மாதம் வேறொரு மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் அங்கே மாற்றப்பட்டார். அவர் உடலில் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா இருந்தது. நம் குடலில் சும்மா கிடக்கிற வகைதான். ஆனால் இது, கார்பபெனம் என்று கடைசிக்கட்டத்துக்காக வைத்திருக்கும் மருந்துகளுக்கும் அடங்காதது. விஷயம் தெரிந்தே சேர்த்ததால், அவரைத் தனிமைப்படுத்தி, கையுறையும் மேலங்கியும் இல்லாமல் யாரும் நெருங்காதபடி பார்த்துக்கொண்டார்கள். ஜூலை 15 அன்று அவர் வீடு திரும்பினார். வேறு யாருக்கும் வரவில்லை. அப்பாடா என்று இருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, இன்னொரு நோயாளியிடம் அதே க்ளெப்சியெல்லா. அப்புறம் ஏறக்குறைய வாரத்துக்கு ஒருவர். இது பழைய கிருமியா, வெளியிலிருந்து புதிதாக வந்ததா? பழையது என்றால் இந்த மூன்று வாரமும் எங்கே இருந்தது?

அந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பு முழுவதையும், சுமார் 60 லட்சம் எழுத்துகளையும், படித்துப் பார்த்தார்கள். ஏட்டுச் சுவடியைப் பார்த்து எழுதுகிறவர் ஓரிடத்தில் பிழை விட்டால், அந்தப் பிரதியிலிருந்து எழுதிய எல்லாச் சுவடிகளிலும் அதே பிழை வரும் அல்லவா? எந்தச் சுவடிக்கு எது மூலம் என்று பதிப்பாசிரியர்கள் அந்தப் பிழைகளை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். பாக்டீரியா பெருகும்போதும் அப்படி எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். அந்தப் பிசகுகளை ஒப்பிட்டதில், எல்லாம் அந்த முதல் பெண்ணிடமிருந்து வந்தவை என்று தெரிந்தது. அதுவும் ஒரு முறை அல்ல, மூன்று தனித்தனி முறை தாவியிருக்கிறது. கண்டுபிடிக்கப்பட்ட வரிசை வேறு, தொற்றிய வரிசை வேறு.

சரி, மூன்று வாரம் எங்கே இருந்தது? மற்ற நோயாளிகளின் உடலில். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, அதனால் யாரும் தேடவில்லை. சுத்தம் செய்து வைத்திருந்த ஒரு வென்டிலேட்டரிலும், கைகழுவும் தொட்டிகளின் வடிகாலிலும்கூட அது கிடைத்தது. அடங்குவதற்குள் 18 பேரிடம் பரவிவிட்டது. அவர்களில் 11 பேர் இறந்தார்கள். அதில் 6 மரணங்களுக்கு இந்தத் தொற்றே காரணம்.

திரும்பவும் சொல்கிறேன், காய்ச்சல் இல்லாதவரிடமும் கிருமி இருக்கும். ஸ்வாப் எடுக்கப் போகும்போது நான் வழக்கமாகக் கேட்கும் பேச்சு, "அவர் நல்லாத்தானே இருக்கார், எதுக்கு சார் டெஸ்ட்?" ஒருமுறை ஒருவர், "எங்கம்மாவுக்குத் தீட்டுப்பட்ட மாதிரி தனி ரூமா?" என்று கண்கலங்கக் கேட்டார். அன்று அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினேன். கிருமியைச் சுமப்பது நோய் அல்ல, அம்மா செய்த தப்பும் அல்ல. குடலில் அது மாதக்கணக்கில் பேசாமல் இருக்கலாம். பக்கத்துப் படுக்கையில் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவருக்குப் போய்விட்டால்தான் ஆபத்து. அதைத் தடுக்கத்தான் அந்தப் பஞ்சுக்குச்சியும் தனி அறையும்.

சுமப்பவர் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு பச்சிளங்குழந்தைகள் பிரிவில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி பரவியது. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியா அது, பெரும்பாலும் மூக்கில் தங்கும். வார்டையே கழுவித் துடைத்தார்கள். 64 நாள் ஒரு குழந்தைக்கும் இல்லை, பிறகு மறுபடி வந்தது. ஊழியர்கள் 154 பேரைப் பரிசோதித்ததில் ஒரே ஒருவர் அதைச் சுமந்துகொண்டிருந்தார். அவருக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். ஆளைத் தேடுவது தண்டிக்க என்று ஆகிவிட்டால், அடுத்த முறை யார் மூக்கைக் காட்டுவார்கள்?

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். பாக்டீரியாக்கள் எதிர்ப்புத்திறனுக்கான மரபணுவையே வேறு இனப் பாக்டீரியாவுக்குக் கைமாற்றிவிடும். அதனால் ஒரு கிருமியை மட்டும் பின்தொடர்வது போதாது. அதை விரிவாகச் சொல்ல இருந்தேன், இப்போது இடமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது, கடந்த ஒரு வருடத்தில் எங்கெங்கே தங்கிச் சிகிச்சை எடுத்தீர்கள் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பழைய கல்ச்சர் ரிப்போர்ட் இருந்தால் ஃபைலில் முதல் தாளாக வையுங்கள். வணக்கம்.