ஸ்டோர்ஸ் நோட்டும் ஈஆர்பியும்

(கோவையில் சிறுதொழில் செய்பவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஈஆர்பி, அதாவது ஒரு கம்பெனியின் சரக்கு, கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள், எப்படி வளர்ந்து வந்தது என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரு நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு ஈஆர்பி போடும் வேலையாகப் போயிருந்தேன். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்ட அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் மேஜைமேல் கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டர். மேஜை டிராயருக்குள் பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று. நாங்கள் போட்ட ஈஆர்பி ஓட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பம்ப்பில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் 312 இருக்கிறது என்று ஸ்க்ரீன் காட்டியது. சீல் இருந்த பெட்டியைத் திறந்து எண்ணினேன். 40 தான் இருந்தது. அண்ணன் டிராயரிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் 40 என்றே எழுதியிருந்தது.

"தம்பி, இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி சொல்றதை ஆபீஸ்ல காட்டுங்க. சாமான் வேணும்னா என்ற நோட்டைப் பாருங்க" என்றார்.

அந்த 272 சீல் எங்கே போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது.

பொருளை எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது? தொழில் செய்கிற எல்லோருக்கும் இருக்கிற கேள்விதான். 1913இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். அடிக்கடி வாங்கினால் ஆர்டர் போடும் செலவு கூடும், மொத்தமாக வாங்கினால் பணம் முடங்கும், இரண்டுக்கும் நடுவில் சிக்கனமான அளவு ஒன்று உண்டு என்று காட்டினார். எவ்வளவு என்பதற்கு அது விடை. எப்போது என்பதற்கு எல்லோரும் ஒரே வழியைத்தான் வைத்திருந்தார்கள்: சரக்கு இந்த அளவுக்குக் கீழே இறங்கினால் ஆர்டர் போடு. மளிகைக் கடைக்கு இது போதும். பம்ப் செய்கிறவருக்குப் போதாது. ஏன் என்று ஜோசப் ஆர்லிக்கி தெளிவாகச் சொன்னார்.

ஆர்லிக்கி செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில், ரசீன் என்ற ஊரில் டிராக்டர் செய்த ஜே.ஐ. கேஸ் கம்பெனியில் வேலை பார்த்தார், அப்புறம் ஐபிஎம்முக்குப் போனார். அவர் சொன்னது இதுதான். டிராக்டர் எத்தனை விற்கும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது; அது சந்தையின் கையில் இருக்கிறது. ஆனால் எத்தனை டிராக்டர் செய்யப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டால், எத்தனை போல்ட் வேண்டும் என்பதை யூகிக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டுவிடலாம்.

நம் பம்ப்பையே எடுத்துக்கொள்வோம். 8ஆம் வாரம் 100 பம்ப் அனுப்ப வேண்டும். தயாராக 30 இருக்கிறது, மீதி 70 பூட்ட வேண்டும். பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம் இம்பெல்லர்; ஒரு பம்ப்புக்கு ஒன்று என்றால் 70 இம்பெல்லர். கையில் 20, ஊற்ற வேண்டியது 50. ஒரு பம்ப்புக்கு 8 போல்ட் என்றால் 560. கையில் 400, வாங்க வேண்டியது 160. பூட்டுவதற்கு ஒரு வாரம் ஆகும், ஆகவே 7ஆம் வாரம் பூட்ட ஆரம்பிக்க வேண்டும். உலோகத்தை உருக்கி ஊற்றும் ஃபவுண்டரி இம்பெல்லருக்கு மூன்று வாரம் எடுக்கும் என்றால் 4ஆம் வாரமே ஊற்ற ஆரம்பித்தாக வேண்டும். போல்ட் ஒரு வாரத்தில் வரும், 6ஆம் வாரம் ஆர்டர் போட்டால் போதும். இதற்குப் பெயர் எம்ஆர்பி. பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடிக்கும் எம்ஆர்பி இல்லை, பொருள் தேவையைத் திட்டமிடுவது.

கணக்கு எளிதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான உதிரிபாகங்கள் உள்ள டிராக்டருக்கு வாராவாரம் கையால் இதைப் போட முடியாது. கம்ப்யூட்டரிலும் முதலில் எளிதாக இல்லை. தகவல் காந்த நாடாவில், அதாவது டேப்பில், இருந்தவரை, நடுவில் உள்ள ஒரு போல்ட்டின் இருப்பைப் பார்க்க டேப்பை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். 1956இல் ஐபிஎம் ராமாக் என்ற கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. அதில் 50 தட்டுகளை அடுக்கிய டிஸ்க் இருந்தது. ஒரு டன்னுக்கு மேல் எடை, கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படம் அதில் அடங்காது. ஆனாலும் வேண்டிய உருப்படிக்கு நேரே போக முடிந்தது. எம்ஆர்பி இதன்மேல்தான் ஏறி வந்தது. 1964இல் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. 1975இல் ஆர்லிக்கி இதைப் புத்தகமாகவே எழுதினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 400 போல்ட் என்று எழுதியிருக்கிறது, உண்மையில் 150தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு பிசகவில்லை, ஆனால் 7ஆம் வாரம் லைன் நின்றுவிடும். ஊற்றிய இம்பெல்லர், வாங்கிய மோட்டார் எல்லாம் ஒரு போல்ட்டுக்காகக் காத்துக் கிடக்கும்.

அடுத்து ஆலிவர் வைட் போன்றவர்கள் பொருளோடு மெஷின் நேரம், ஆள், பணம் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்றார்கள். அதை எம்ஆர்பி-2 என்றார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது அதே காலத்தில் ஜெர்மனியில் நடந்தது.

மன்ஹைமில் ஐபிஎம்மில் வேலை பார்த்த ஐந்து பேர், டீட்மார் ஹோப், ஹாஸ்ஸோ பிளாட்னர், கிளாவ்ஸ் சீரா, கிளாவ்ஸ் வெல்லன்ராய்தர், ஹன்ஸ்-வெர்னர் ஹெக்டர், 1972இல் வெளியே வந்து சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதுதான் எஸ்ஏபி. முதல் வாடிக்கையாளர் ஓஸ்ட்ரிங்கன் ஊரில் இருந்த ஐசிஐ நைலான் நூல் தொழிற்சாலை. இந்த ஐந்து பேரிடம் சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் ராத்திரியிலும் வார இறுதியிலும் உட்கார்ந்து புரோகிராம் எழுதினார்கள்.

அந்தக் காலத்தில் ஸ்டோர்ஸில் நடந்ததைக் காகிதத்தில் எழுதி, அட்டையில் துளையிட்டு, கட்டுக்கட்டாகக் கம்ப்யூட்டர் அறைக்கு அனுப்புவார்கள். ராத்திரி ஓடும், காலையில் அச்சடித்துத் தாள் வரும். தாளில் வருவது நேற்றைய நிலவரம். இவர்கள் நடக்கும்போதே ஸ்க்ரீனில் பதிய வேண்டும் என்றார்கள். அவர்களுடைய மென்பொருள்களான ஆர்/1, ஆர்/2, ஆர்/3 எல்லாவற்றிலும் உள்ள 'ஆர்' அந்த 'ரியல் டைம்' தான்.

இதோடு இன்னொன்றும் நடந்தது. ஒரு லாரி வார்ப்பு வந்து இறங்குகிறது. பழைய முறையில் வாட்ச்மேன் கேட் ரிஜிஸ்டரில் எழுதுவார். ஸ்டோர்ஸ் மூன்று நகலில் ஜிஆர்என், அதாவது சரக்கு வந்ததற்கான சீட்டு, போடும். அப்புறம் பின் கார்டு என்ற இருப்பு அட்டையில் வரவு. பர்சேஸ் கிளார்க் தன் ஆர்டர் ரிஜிஸ்டரில் அடிப்பார். அக்கவுண்ட்ஸில் பில் வந்ததும் லெட்ஜரில் ஏற்றுவார்கள். ஒரே லாரியை ஐந்து பேர் ஐந்து இடத்தில் எழுதினார்கள். புதிய முறையில் ஸ்டோர்ஸ் ஒரு தடவை பதிந்தால் இருப்பு கூடும், ஆர்டர் பாக்கி குறையும், கணக்குப் புத்தகத்தில் அந்த சப்ளையருக்குத் தர வேண்டிய பணமும் ஏறிவிடும். பில் வரும்போது ஆர்டர், ஜிஆர்என், பில் மூன்றையும் வைத்துப் பொருத்திப் பார்க்கலாம்.

ஈஆர்பி என்ற பெயரை 1990இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம்தான் வைத்தது. என்னைக் கேட்டால் ஈஆர்பி என்பதே அந்த லாரிக் கணக்குதான்: ஐந்து பேர் எழுதியதை ஒருவர் எழுதுவது. 1992இல் ஆர்/3 வந்தபோது மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டர் இல்லாமலே இதைச் செய்ய முடிந்தது. வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிய பழைய புரோகிராம்கள் 2000ஆம் ஆண்டில் குழம்பிவிடும் என்ற பயத்தில் உலகம் முழுக்க அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை வாங்கினார்கள்.

ஆனால் ஐந்து பேர் எழுதியதில் ஒரு நன்மையும் இருந்தது. ஒருவர் தவறாக எழுதினால் இன்னொருவர் நோட்டில் மாட்டிக்கொள்ளும். இப்போது ஒருவர் கை பிசகினால் கம்பெனி முழுக்கப் பிசகிவிடும். அந்த ஒருவர் யார், அவரிடம் எப்போதாவது கேட்டோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அமெரிக்காவில் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999 ஜூலையில் மூன்று மென்பொருள்களை ஒரே நேரத்தில் ஓட்ட ஆரம்பித்தது. நிதானமாக நான்கு வருடம் எடுத்துச் செய்திருக்க வேண்டிய வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்கப் பார்த்தார்கள். அக்டோபர் கடைசியில் ஹாலோவீன், அவர்களுக்கு அதுதான் தீபாவளி. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. சாக்லேட் இல்லாமலா? கிடங்கில் இருந்தது. சீசன் நெருக்கடியில் எங்கெங்கோ இடம் பிடித்துச் சரக்கு வைப்பது அங்கே வழக்கம். அந்த இடங்கள் எதுவும் புதிய கம்ப்யூட்டரில் இல்லை. கம்ப்யூட்டருக்குத் தெரியாத சரக்கு இல்லாத சரக்குதான். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அந்த இடங்கள் அத்தனையும் தெரியும். என்னை இது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் கடைகள் கதை வேறு மாதிரி. எஸ்ஏபி போடும் வேலையை ஏழு வருடம் செய்து, சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு, 2018இல் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். லிடில் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடும். அந்த மென்பொருள் விற்கும் விலையில் மதிப்பிடும். லிடில் தன் பழக்கத்தை விடவில்லை, ஆகவே மென்பொருளை வெட்டி ஒட்டிக்கொண்டே போனார்கள். இதில் லிடில் மேல்தான் தவறு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படி அவ்வளவு சுலபமாகச் சொல்ல மனம் வரவில்லை. வாங்கிய விலையைக் கண்முன் வைத்துக்கொண்டு சிக்கனமாக வளர்ந்த கடை அது. ஆனால் அந்த ஒரு கேள்வியை முதல் மாதமே மேஜையில் வைத்துப் பேசி முடித்திருக்க வேண்டும்.

நம் பக்கம் வருவோம். சென்னையில் ராம்கோ கம்பெனி 1990களிலேயே மார்ஷல் என்ற சொந்த ஈஆர்பியைக் கொண்டு வந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கு இன்னும் நெருக்கமானது டாலி என்ற கணக்கு மென்பொருள். முழு ஈஆர்பி என்று அதை நான் சொல்ல மாட்டேன். 1986இல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரக் கணக்குக்கு ஒத்துவரும் மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். மற்ற மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நம்பர் கோடு உண்டு, அதை மனப்பாடம் செய்ய வேண்டும். டாலியில் ஆள் பெயரையே அடிக்கலாம். பேரேடு எழுதிப் பழகிய கணக்குப்பிள்ளை பயமில்லாமல் உட்கார்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். எழுதுகிறவர் பழக்கத்தை மதித்த மென்பொருள் அது. இன்று எல்லாம் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக எட்டும் வெளிக் கம்ப்யூட்டர்களுக்கு, போய், மாத வாடகைக்கு ஈஆர்பி கிடைக்கிறது, கைப்பேசியிலேயே பதியலாம். விலை குறைந்தது நல்லதுதான். ஆனால் கை மாறவில்லை, பதிவது அதே ஸ்டோர்ஸ்காரர்தான்.

சரி, அந்த 272 சீல்.

ஸ்டோர்ஸ் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் இன்னொரு சாவி. ராத்திரி லைனுக்கு சீல் வேண்டும் என்றால் அவரே திறந்து எடுப்பார், அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து அதில் எண்ணிக்கையை எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போவார். காலையில் அண்ணன் அதைப் பார்த்து நோட்டில் ஏற்றுவார். கம்ப்யூட்டரில் ஏற்ற அவரால் முடியாது. சரக்கு வெளியே போக இன்டென்ட், அதாவது பொருள் கேட்கும் சீட்டின், நம்பர் வேண்டும், இன்டென்ட்டுக்குச் செக்‌ஷன் ஹெட் ஒப்புதல் வேண்டும் என்று நாங்கள் பூட்டுப் போட்டிருந்தோம். முடிந்துபோன விஷயத்துக்கு இன்டென்ட் போட யாரும் வரவில்லை. ஒரு சீல்கூடத் திருட்டுப் போகவில்லை. எல்லாம் பம்ப்புக்குள்தான் இருந்தது, பதிவுதான் இல்லை. அந்த ஸ்க்ரீனை வடிவமைத்தபோது நான் முதலாளியோடு உட்கார்ந்தேன், அக்கவுண்ட்ஸோடு உட்கார்ந்தேன். ஒரு ராத்திரிகூட நைட் ஷிஃப்டில் நின்று பார்க்கவில்லை. அது என் தவறு.

அப்புறம் நின்றேன். ஸ்டோர்ஸ் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தோம். எந்தப் பொருள், எத்தனை, எந்த ஆர்டருக்கு, இந்த மூன்றை மட்டும் சூப்பர்வைசர் அடித்தால் போதும், ஒப்புதல் காலையில் வரட்டும் என்று மாற்றினோம். அண்ணன் தினமும் பத்து உருப்படியை எடுத்து எண்ணி, ஸ்க்ரீனோடு ஒத்துப் பார்த்தார். முதல் வாரம் பத்துக்கு ஆறு தப்பு. ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று இரண்டு பேரும் தேடினோம்.

நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் போனபோது டிராயரைத் திறந்து அந்தப் பச்சை நோட்டைக் கையில் எடுத்தார். பாதிக்கு மேல் வெள்ளைப் பக்கம்.

"மீதி சும்மா கெடக்குது தம்பி. பேத்திக்குக் கணக்குப் போட எடுத்துட்டுப் போறேன்" என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.